உறையில் ஒரு பெயர், பேரேட்டில் ஒரு பெயர்: ராக் குழுக்கள் முகம் மறைத்துப் பாடுவது ஏன்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கான் சாடிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் இடையில் கிராமபோன் இசைத்தட்டுகள் அடுக்கிக் கிடக்கும். தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் பாடியவர் பெயர், பாட்டின் முதலடி, ராகம், கம்பெனி முத்திரை. தட்டைக் கையில் எடுப்பவர் கண் முதலில் போவது பெயருக்குத்தான். இந்தியாவில் ஒலிப்பதிவு தொடங்கிய 1902இல் பெயரின் தேவை இன்னும் கூடுதலாக இருந்தது. பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலில் போய்த் தட்டாக அச்சாகி வந்தன. அங்கே இருந்தவர்களுக்கு நம் மொழிகள் தெரியாது. ஆகவே பாடி முடித்ததும் பாடகரே தம் பெயரை உரக்கச் சொல்லிவிடுவார். கொல்கத்தாவின் கௌஹர் ஜான் அப்படித் தம் பெயரைச் சொல்லும் குரலை இன்றும் கேட்கலாம்.

பெயரைக் கூவிச் சொல்லித் தொடங்கிய தொழிலில், புகழ்பெற்ற ஒரு ராக் குழு தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பெயரில் ரகசியமாகப் பாட்டு வெளியிட்டது என்று செய்தி வந்தால் குழப்பம் வருவது இயல்பு. இது விளம்பர உத்தியா? ஒப்பந்தத்தை ஏய்ப்பதா? ரசிகரை ஏமாற்றுவதா? நம் ஊர் இசைக்குழு ஒன்று இதைச் செய்தால் சட்டம் என்ன சொல்லும்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையில் விரும்பிய பெயரைப் போட்டுக்கொள்ளக் கலைஞருக்கு முழு உரிமை உண்டு. கணக்கில் அந்த உரிமை கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இவ்வகைச் செய்திகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. புனைபெயர். ஒரு தனி மனிதர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பெயர். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த முத்தையா, கண்ணதாசன் ஆனார். அந்தப் பெயர் புகழடைந்த பிறகும் காரைமுத்துப் புலவர், வணங்காமுடி என்று வேறு பெயர்களிலும் எழுதினார். புனைபெயருக்கும் புனைபெயர் உண்டு என்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று.

2. துணைக்குழு. ஏற்கெனவே தெரிந்த கலைஞர்கள் வெளிப்படையாகவே இன்னொரு குழு அமைப்பது. 1988இல் ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், டாம் பெட்டி, ராய் ஆர்பிசன், ஜெஃப் லின் ஆகிய ஐவரும் 'டிராவலிங் வில்பரீஸ்' என்ற பெயரில் சகோதரர்கள் போல வேடம் கட்டினார்கள். பெயர்கள் மாறின. ஆனால் இன்னார்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் ரகசியம் இல்லை.

3. மறைகுழு. இந்தக் கட்டுரைக்காக நான் வைத்துக்கொள்ளும் சொல். குழு அதேதான், பெயர் வேறு, தொடர்பு மறைக்கப்பட்டிருக்கிறது. நம் பொருள் இதுதான்.

4. பினாமி. இந்தச் சொல்லைத்தான் பலரும் அவசரப்பட்டுப் பயன்படுத்துகிறார்கள். பினாமியில் பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னோர் ஆளின் பெயரில். அங்கே இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். மறைகுழுவில் மனிதர்கள் மாறுவதில்லை, பெயர்தான் இரண்டு. இரண்டாவது மனிதர் உள்ளே வரும் கணத்தில் விவகாரம் வேறாகிவிடுகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

## பெயர் எப்படி முதலாகிறது

இதை உலகில் வேறெந்த ஊருக்கும் விளக்குவதைவிடச் செட்டிநாட்டுக்கு விளக்குவது எளிது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் ஒரு கடையின் அடையாளம் அதன் விலாசம். பாட்டனார், தகப்பனார், முதலாளி பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. கிட்டங்கி எனப்படும் கடைக் கட்டடத்தில் பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுப்பவர் மேலாள். முதலாளி தேவகோட்டையிலோ கோனாபட்டிலோ இருப்பார். கடன் வாங்க வந்தவர் எதிரில் இருந்த மேலாளைவிட அந்த எழுத்துகளைத்தான் நம்பினார். மேலாள் தவணை முடிந்து கப்பலேறி ஊர் திரும்புவார், அடுத்தவர் வந்து உட்காருவார். விலாசம் அப்படியே நிற்கும். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் பெயரெழுத்துகள் ஒரு படநிறுவனத்தின் பெயராகவே நிலைத்தது இந்த வழக்கத்துக்கு மிக நெருக்கமானது.

ராக் குழுவின் பெயரும் ஒரு விலாசம். மேளக்காரர் மாறுவார், கிட்டார் வாசிப்பவர் விலகுவார். பெயர் இருக்கும்வரை இசைத்தட்டு நிறுவனம் முன்பணம் தரும், அரங்கு நிரம்பும், வானொலி நேரம் ஒதுக்கும். கர்நாடக இசையில் ஊர்ப்பெயரே அந்த வேலையைச் செய்கிறது. வீணையில் காரைக்குடி சகோதரர்கள், மிருதங்கத்தில் காரைக்குடி மணி என்று அழைப்பிதழில் அச்சானால் அதற்குமேல் அறிமுகம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் விலாசத்தின் பேரில் வரவு மட்டுமா எழுதப்படுகிறது? பற்றும் சேர்ந்துதான் எழுதப்படுகிறது. பழைய தோல்விகள், பழைய பாணி, 'இவர்கள் அந்தக் காலத்து ஆட்கள்' என்ற எண்ணம் எல்லாம் அதே பெயரின் கணக்கில் ஏறுகின்றன. பற்று வரவை மிஞ்சும் இடத்தில்தான் குழுக்கள் புதுப் பெயரைத் தேடுகின்றன.

## பெயரே தடையாகும்போது

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 'தி அலார்ம்'. வேல்ஸின் கடற்கரை நகரமான ரில்லில் தோன்றி 1980களில் புகழ்பெற்ற ராக் குழு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2004இல், அதன் பாடகர் மைக் பீட்டர்ஸ் கையில் புதுப் பாட்டு ஒன்று இருந்தது. வேகமான, பங்க் வாடையடிக்கும் பாட்டு. ஆனால் நடுவயதுக் குழுவின் புதுப் பாட்டை இளைஞர் வானொலிகள் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே உறையைப் பார்த்து ஒதுக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் செய்தது இதுதான். பாட்டை 'தி பாப்பி ஃபீல்ட்ஸ்' என்ற, யாரும் கேள்விப்படாத பெயரில் வெளியிட்டார். காணொளியில் தோன்ற இளவயதுக் குழு ஒன்றை அழைத்துவந்து வாயசைக்கச் செய்தார். பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 28ஆம் இடத்தைப் பிடித்தது. பிறகு உண்மை வெளிவந்தது. குரலும் கிட்டாரும் நாற்பதைக் கடந்தவர்களுடையவை, முகம் மட்டும் பதின்வயதினருடையது.

தமிழ் வாசகருக்கு இதில் வாயசைப்பு ஓர் அதிர்ச்சியே ஆகாது. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்ற ஏற்பாட்டில்தான் நம் திரையிசை முழுவதும் நிற்கிறது. அதைத் தமிழ்த் திரையில் தொடங்கிவைத்தவர்களில் முன்னோடி, மேலே சொன்ன அதே மெய்யப்பச் செட்டியார்தான். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக வேறொருவரைப் பாட வைத்தார். பின்னாளில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவிலேயே படப்பிடிப்பு நிலையமும் நடத்தினார். வேறுபாடு என்னவென்றால், பின்னணி பாடியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. பாப்பி ஃபீல்ட்ஸ் விஷயத்தில் அந்தப் பெயர் வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த இடத்தில் தருமியின் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாண்டியன் பொற்கிழி அறிவித்தான். பாட்டு சொக்கநாதருடையது, சபையில் படித்தவன் தருமி. நக்கீரர் பாட்டை ஆராய்ந்தார், படித்தவனின் வறுமையையோ ஊரையோ ஆராயவில்லை. இறைவனே நேரில் வந்து நின்றபோதும் அவர் தீர்ப்பு மாறவில்லை. பெயர் தெரியாதபோதும் தெரிந்த பிறகும் ஒரே அளவுகோல். அந்தப் பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் செய்யுளாக இறையனார் பெயரில் இன்றும் இருக்கிறது. அதே நூலின் நாற்பதாம் செய்யுளைப் பாடியவரின் இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் 'செம்புலப் பெயல் நீர்' என்ற தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். பெயர் போன பிறகும் பாட்டு நிற்க முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எங்கே தேடுவது? வானொலி நிலையத்தில் நக்கீரர்கள் உட்கார்ந்திருந்தால் பீட்டர்ஸுக்கு அந்த வேடம் தேவைப்பட்டிருக்காது.

## விளையாட்டாகத் தொடங்கி அசலை மிஞ்சியது

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரைச் சேர்ந்த 'எக்ஸ்டிசி' குழு 1982இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டது. பிறகு வெளிவந்த ஆல்பங்கள் சரியாக விற்கவில்லை. 1985 ஏப்ரல் 1 அன்று 'தி டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்' என்ற பெயரில் ஆறு பாடல்கள் கொண்ட ஒரு தட்டு வந்தது. 1960களின் 'சைக்கடெலிக்' என்னும் மயக்க இசையை அச்சு அசலாக மீட்டெடுத்த பாடல்கள். உறையில் சர் ஜான் ஜான்ஸ், தி ரெட் கர்ட்டன், லார்ட் கார்னீலியஸ் பிளம் என்று வேடிக்கையான பெயர்கள். தயாரிப்பாளர் ஜான் லெக்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சுவாமி ஆனந்த நகரா'! உள்ளே இருந்தது எக்ஸ்டிசி குழுவேதான். பதிவுக்கான செலவு ஏறத்தாழ 5,000 பவுண்டு.

அந்த வேடத் தட்டு, அதே குழு 1984இல் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தைவிட இரு மடங்கு விற்றது. குழுவினருக்கு இது மகிழ்ச்சியா வலியா என்று பிரித்துச் சொல்வது கடினம். நான் இதில் காண்பது ஒன்று. சொந்தப் பெயரில் பாடும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியோடு ஒப்பிடப்படும் என்ற அச்சம் இருக்கிறது. வேடம் கட்டியவுடன் அந்த அச்சம் விலகிவிடுகிறது. திருவிழாவில் வேடம் போட்டு ஆடுபவர்கள் இயல்பு வாழ்க்கையில் கூச்ச சுபாவமாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த விடுதலையின் ஒலிதான் அந்தத் தட்டில் இருக்கிறது. 1987இல் அதே பெயரில் ஒரு முழு ஆல்பமும் வந்தது.

## மற்ற காரணங்கள், சுருக்கமாக

1. நாடிபிடித்துப் பார்த்தல். 1966இல் பீட்டர் அண்ட் கார்டன் என்ற இரட்டையருக்குப் பால் மெக்கார்ட்னி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் எழுதியவர் பெயர் 'பெர்னார்ட் வெப்' என்று போடச் சொன்னார். பீட்டில்ஸ் முத்திரை இல்லாமலும் தம் பாட்டு ஓடுமா என்று பார்க்க விரும்பினார். ஓடியது. அரசன் மாறுவேடத்தில் நகர்வலம் போய்க் குடிகள் பேசுவதைக் கேட்ட கதைதான்.

2. ஒப்பந்தத் தடை. 1969இல் கிரீம் குழுவின் கடைசி ஆல்பத்தில் கிட்டார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன், தம் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் காரணமாக 'லாஞ்சலோ மிஸ்டெரியோசோ' என்று குறிக்கப்பட்டார். இத்தாலிய மொழியில் 'மர்ம தேவதூதன்' என்று பொருள்.

3. துயரத்தின் நிழல். 1994 ஏப்ரலில் கர்ட் கோபெய்ன் இறந்த பிறகு நிர்வானா குழு முடிந்தது. அதன் மேளக்காரர் டேவ் கிரோல் அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்டுடியோவுக்குப் போய், அநேகமாக எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவுசெய்தார். சொந்தப் பெயரைப் போடாமல் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று பன்மையில் பெயர் வைத்தார், பலர் சேர்ந்த குழு என்று கேட்பவர் நினைக்கட்டும் என்று. அந்த வேடப் பெயரே பின்னர் நிஜமான குழுவாகி உலகப் புகழ் பெற்றது.

4. வெறும் ஆசை. மெக்கார்ட்னி 1971இல் தம் ஆல்பம் ஒன்றையே வாத்தியக்குழு இசையாக மாற்றிப் பதிவு செய்தார். அது 1977இல் 'பெர்சி திரில்லிங்டன்' என்ற கற்பனைக் கனவான் பெயரில் வெளிவந்தது. அந்தக் கனவான் இன்ன இடத்துக்குப் போகிறார், வருகிறார் என்று செய்தித்தாளில் வரி விளம்பரங்கள்கூட வந்தன. தாம்தான் அது என்று அவர் ஒப்புக்கொண்டது 1989இல்.

## பெயர் எழுதப்படும் மூன்று இடங்கள்

ஒரு பாட்டு வெளிவரும்போது பெயர் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. உறை, ஒப்பந்தம், பேரேடு என்று மூன்று இடங்கள். மறைகுழு பற்றிய விவாதங்கள் தடுமாறுவதெல்லாம் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான்.

உறை. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவின் மீதும் அதன் உறையின் மீதும் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும். பாடியவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! தம்மை இன்னார் என்று அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையை 57ஆம் பிரிவு படைத்தவருக்கும் 38பி பிரிவு பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தருகின்றன. அது உரிமை, கடமையாக்கப்படவில்லை. வேண்டாம் என்று இருப்பவரைச் சட்டம் வற்புறுத்துவதில்லை.

ஒப்பந்தம். இங்கே பெயர் மாற்றம் செல்லாது. 'இந்த மூன்று ஆண்டுகள் எங்களுக்கு மட்டுமே பாடுவேன்' என்று ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் அது அவருடைய குரலையும் கையையும் கட்டுகிறது, குழுவின் பெயரை மட்டும் கட்டுவதில்லை. புதுப் பெயர் வைத்துக்கொண்டதால் பழைய கடன் தீராது. சுவீகாரம் போன பிள்ளைக்கு விலாசம் மாறலாம், அதற்கு முன் அவர் கையெழுத்திட்ட பிராமிசரி நோட்டு மாறாது. நிறுவனமே இசைந்து வேறு பெயரில் வெளியிட்டால் சிக்கல் இல்லை. எக்ஸ்டிசி அப்படித்தான் செய்தது. அந்த வேடத் தட்டை வெளியிட்டதும் அவர்களுடைய வழக்கமான வர்ஜின் நிறுவனமே.

பேரேடு. ராயல்டி எனப்படும் உரிமைத் தொகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பதிவு. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்து, எண்கள் கொண்ட சர்வதேசக் குறியீடு உண்டு. முதல் இரண்டு நாட்டைச் சார்ந்தவை, அடுத்த மூன்று பதிவு செய்தவரைக் குறிப்பவை, பிறகு இரண்டு இலக்கத்தில் ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். பாடகர் பெயர் அதில் இல்லை. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைச் சங்கங்கள் தனி எண் வைத்திருக்கின்றன. ஒருவர் எத்தனை புனைபெயர் வைத்துக்கொண்டாலும் அவையெல்லாம் அந்த ஒரே மனிதரின் எண்ணோடு இணைக்கப்படும். நம் நாட்டில் 1969 முதல் இயங்கும் இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டியும் இந்த உலக ஏற்பாட்டின் ஒரு கண்ணிதான்.

ஆக, உலகம் பார்க்கும் இடத்தில் முகமூடி அனுமதிக்கப்படுகிறது, கணக்கர் பார்க்கும் இடத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. சிட்டை என்னும் அன்றாடக் குறிப்பில் எப்படிக் குறித்தாலும் ஐந்தொகை என்னும் இறுதிக் கணக்கு நேராக வர வேண்டும்.

## காரைக்குடியில் ஒரு குழு இதைச் செய்தால்?

ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட மெல்லிசைக் குழு. மாசி, பங்குனித் திருவிழா மேடைகளிலும் சாந்திக் கல்யாண வீடுகளிலும் இருபது ஆண்டுகளாகப் பாடுகிறார்கள். விழாக் குழுவினர் கேட்பது பக்திப் பாடலும் பழைய திரைப்பாடலும். இவர்களிடம் சொந்தமாக எழுதிய எட்டு ராக் பாடல்கள் இருக்கின்றன, தமிழில், உரத்த கிட்டாரோடு. பழைய பெயரில் வெளியிட்டால் பக்திப் பாட்டு கேட்க வருபவர்கள் மிரளுவார்கள். ராக் கேட்கும் இளைஞர்களோ, கல்யாண வீட்டுக் குழு என்று திரும்பியே பார்க்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் அடி. புதுப் பெயர் வைப்பது இவர்களுக்கு நியாயமான வழி என்றே நான் கருதுகிறேன். ஆனால் வரிசை தவறக் கூடாது.

1. ஐவரில் யாராவது எந்த ஒலிப்பதிவு நிறுவனத்தோடாவது தனியுரிமை ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா என்று பழைய காகிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றுக்காக என்றோ போட்ட கையெழுத்து மறந்தே போயிருக்கும்.

2. தேர்ந்தெடுத்த பெயரை வேறு குழு ஏற்கெனவே பயன்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ரகசியமாக இருப்பதால் வணிகச் சின்னச் சட்டம் விலக்குத் தராது.

3. இணையத்தில் பாடலைச் சேர்ப்பிக்கும் விநியோக நிறுவனத்திடம் கொடுக்கும் வங்கிக் கணக்கும் வரி எண்ணும் உண்மையான ஆளுடையவையாக இருக்க வேண்டும். மைத்துனர் பெயரில் கணக்குத் திறந்து பணம் வாங்குவதாக யோசிக்கும் கணத்தில் புனைபெயர் பினாமியாக மாறத் தொடங்குகிறது.

4. பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைச் சங்கத்தில் இயற்பெயரோடு புனைபெயரையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

5. ஐவருக்குள் பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முகம் தெரியாத குழுவில் இது இரட்டிப்பு முக்கியம். ஸ்வீடனின் 'கோஸ்ட்' குழுவில் எல்லோரும் முகமூடி அணிந்து, பெயர் சொல்லாமலே வாசித்தார்கள். 2017இல் முன்னாள் உறுப்பினர்கள் நால்வர் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நீதிமன்றம் போனார்கள். முகமூடிக்குள் இருந்த தலைவர் தோபியாஸ் ஃபோர்கே என்பது அந்த வழக்கின் மூலம் உலகறிய உறுதியானது. 2018இல் லின்சோப்பிங் மாவட்ட நீதிமன்றம் நால்வரின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே மேடையில் நின்றவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

அடுத்து வரும் கேள்வி மேடை. புதுப் பெயரில் புகழடைந்து, ஒரு கல்லூரி விழாவுக்கு அழைக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நாங்கள்தான் அந்தப் பழைய குழு' என்று சொல்லாமல் விட்டால் அது மோசடியா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆம் பிரிவு இதற்கு அழகாக விடை வைத்திருக்கிறது. பேச வேண்டிய கடமை இருக்கும் சூழல்களைத் தவிர, வெறும் மௌனம் மோசடியாகாது. அழைத்தவர் கேட்டது பாட்டு, கிடைப்பது அதே பாட்டு, பாடுபவரும் அதைப் பதிவில் பாடியவரே. ஆனால் நேருக்கு நேர் கேட்கும்போது பொய் சொல்லி முன்பணம் வாங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும்.

## ரகசியம் எப்படி உடைகிறது

பெரும்பாலும் குரல்தான் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவின் 'கிரீன் டே' குழு 2003இல் முகமூடி அணிந்து 'தி நெட்வொர்க்' என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டது. தொடர்பே இல்லை என்று நீண்ட காலம் சாதித்தது. 2007 இறுதியில் 'ஃபாக்ஸ்பரோ ஹாட் டப்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் பாடல்கள் வந்தபோது ரசிகர்கள் முதல் பாட்டிலேயே பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரலைக் கண்டுகொண்டார்கள். பெயரை மாற்றலாம், தொண்டையை மாற்ற முடியுமா? அதனாலோ என்னவோ, மெக்கார்ட்னி 1993இல் 'யூத்' என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து 'தி ஃபயர்மேன்' என்ற பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் பாட்டே இல்லை, முழுக்க மின்னணு இசை. உறையிலும் இருவர் பெயரும் இல்லை.

மற்றபடி, நான் மேலே சொன்ன பதிவுக் குறியீடு, உரிமைச் சங்கப் பட்டியல், வெளியீட்டு நிறுவனத்தின் முகவரி ஆகியவை துப்புத் தேடும் ரசிகர்களின் வழக்கமான கருவிகள்.

## எங்கே கோடு தாண்டப்படுகிறது

தருமியின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாட்டு ஒருவருடையது, பொற்கிழி இன்னொருவருக்கு. மில்லி வனிலி என்ற இரட்டையர் 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்றார்கள். அந்த ஆல்பத்தில் அவர்கள் ஒரு வரிகூடப் பாடியிருக்கவில்லை என்பது தெரியவந்து நவம்பரில் விருது திரும்பப் பெறப்பட்டது. பாப்பி ஃபீல்ட்ஸ் செய்ததும் வாயசைப்பு, இவர்கள் செய்ததும் வாயசைப்பு. ஆனால் இங்கே நிஜமாகப் பாடியவர்களின் உழைப்பு, பாடாதவர்களின் பெயரில் விற்கப்பட்டது. உண்மை சொல்லப்படாதவரை நிஜக் குரல்களுக்கு அடையாளமே இல்லை. மறைகுழு தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்கிறது, பிறர் பெயரை அழிப்பதில்லை. இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. கனடாவின் 'கிளாட்டு' குழு 1976இல் தன் முதல் ஆல்பத்தில் உறுப்பினர்களின் பெயர்களும் போடவில்லை, படங்களும் போடவில்லை. மறு ஆண்டு ஓர் அமெரிக்கச் செய்தித்தாள், இது பீட்டில்ஸ் குழுவே ரகசியமாகச் செய்ததாக இருக்குமோ என்று எழுதியது. விற்பனை எகிறியது. பீட்டில்ஸ் இல்லை என்று தெரிந்ததும், நல்ல பாடல்கள் இருந்தும், அந்தக் குழுவின் மீது கோபம் பாய்ந்தது. தான் சொல்லாத பொய்க்காக அது தண்டிக்கப்பட்டது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025இல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற ராக் குழு ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கேட்பவர்களைப் பெற்றது. பாடல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டவை என்று பிறகு அதன் அறிமுகக் குறிப்பிலேயே எழுதப்பட்டது. மறைகுழுவில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பாடகர் இருப்பார். இங்கே உறையில் இருந்த பெயருக்குப் பின்னால் மேடையில் நிற்க ஒருவருமே இல்லை. ஆகவே இனி எந்தப் புது மறைகுழு வந்தாலும் கேட்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி 'இவர்கள் யார்?' என்பதாக இராது. 'இவர்கள் இருக்கிறார்களா?' என்பதாக இருக்கும். நம் கற்பனைக் காரைக்குடிக் குழு சீக்கிரமே ஒரு மேடையேற வேண்டிய கட்டாயம் இதனால் வருகிறது, முகமூடியோடாவது.

## எவ்வளவு காலம் மறைத்து வைக்கலாம்

விரும்பும்வரை. ஆனால் அதற்கு விலை உண்டு. அது பதிப்புரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. புனைபெயரில் வெளியான பாட்டுக்கும் இசைக்கும் உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 2026இல் வெளிவந்தால் 2086 முடியும்வரை. அதற்குள் படைத்தவர் இன்னார் என்று வெளிப்பட்டுவிட்டால் கணக்கு மாறி, அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் என்றாகிறது. அவர் 2061இல் காலமானால் 2121 முடியும்வரை அவர் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. முப்பத்தைந்து ஆண்டு வேறுபாடு. ஒலிப்பதிவின் உரிமைக்கு இந்த நீட்டிப்பு இல்லை, அது எப்படியும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்தான்.

வெளிப்படுதல் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது. படைத்தவரும் வெளியிட்டவரும் சேர்ந்து பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அல்லது படைத்தவர் உரிய மன்றத்தின் முன் அதை நிறுவ வேண்டும். இரண்டு வழியிலும் அதைச் செய்ய வேண்டியவராகச் சட்டம் குறிப்பிடுவது படைத்தவரை. பல வீடுகளில் பாட்டனாரின் கடிதங்களும் பத்திரங்களும் இன்னும் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 'அந்தப் பாட்டு நான் எழுதியது' என்று ஒரு தாளில் எழுதி அங்கே பூட்டி வைத்துவிட்டுப் போனால், என்றோ ஒருநாள் அதைத் திறக்கும் பேரன் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டுமே. உரிமைக்காலம் நீள வேண்டுமானால் எழுதியவர் தாம் இருக்கும்போதே வாய் திறந்திருக்க வேண்டும்.